இடுப்பில் இரண்டு: கொல்ல ஒன்று, கொல்லாமல் விட ஒன்று

டெக்சாஸில் வீடு வாங்கியாயிற்று. கார் இரண்டு நிற்கிறது. கிரீன் கார்டும் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. அடுத்து என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டு ஃபிரிஸ்கோவிலோ பிளேனோவிலோ வேலியோரம் நிற்கிறீர்கள். பக்கத்து வீட்டு அமெரிக்கர் தன் சட்டை நுனியைத் தூக்கிக் காட்டுகிறார். இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி. அதை ஒட்டி, உதட்டுச்சாயக் குப்பி அளவுக்கு ஒரு மிளகாய் ஸ்ப்ரே. ஒன்று மட்டும் வைத்திருந்தால் முரடன் என்பார்கள், இரண்டும் வைத்திருந்தால் பொறுப்பானவன் என்பார்கள் என்று விளக்கமும் தருகிறார். பொறுப்பானவர் ஆக விரும்பும் தமிழர்களுக்காகவே இந்தக் கையேடு.

முதலில் தகுதி. கிரீன் கார்டு வராதவர்கள் மனம் தளர வேண்டாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதும், ஏன், ஒரேயொரு தோட்டா வைத்திருப்பதும் அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். அதே சட்டம் ஒரு சந்தும் விட்டு வைத்திருக்கிறது: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை விலகிவிடும். அந்த உரிமத்தை டெக்சாஸில் வால்மார்ட்டிலேயே வாங்கலாம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்கு அப்புறமோ பிறந்தவர் என்றால் வேட்டைக் கல்வி வகுப்பு ஒன்றும் முடிக்க வேண்டும். ஆக, ஏழு தலைமுறையாக முட்டைகூடத் தொடாத குடும்பத்துப் பிள்ளை திருடனிடமிருந்து தப்பிக்க நினைத்தால் முதலில் மான் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையின் நீளம் தெரிந்தவர்கள் மான் வழியைத்தான் சிபாரிசு செய்வார்கள். வரிசை நகர்வதற்குள் திருடனே வயதாகி ஓய்வு பெற்றுவிடுவான்.

கிரீன் கார்டு இருந்தால் விஷயம் சுலபம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புங்கள். கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனை அமைப்பில் கேட்பார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போகலாம். பயிற்சி கட்டாயமில்லை, தேர்வும் இல்லை. டிரைவிங் லைசென்ஸ் கேட்டபோது இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்பக்கமாக நிறுத்திக் காட்டச் சொல்லி உங்களை வியர்க்க வைத்ததும் இதே மாநிலம்தான்.

எந்தத் துப்பாக்கி வாங்குவது என்பதில் நேரத்தைக் கழிக்காதீர்கள். எல்லாரும் கிளாக் 19 வாங்குகிறார்கள், நீங்களும் அதையே வாங்குவீர்கள். பதினைந்து தோட்டா பிடிக்கும். நிரப்பினால் முக்கால் கிலோவுக்கு மேல் வரும். வேட்டிக்கு ஒத்துவராது, அவ்வளவுதான்.

மிளகாய் ஏன்?

துப்பாக்கியின் குறை, அதற்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும் என்பது. இப்போது உயிர் போய்விடும் அல்லது பெரும் காயம் நேர்ந்துவிடும் என்று நியாயமான எந்த மனிதனும் அஞ்சக்கூடிய நிலையில்தான் அதை எடுக்கலாம் என்கிறது சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் வாசகம் மாறும். புளோரிடாவில் 2005 முதல் பின்வாங்க வேண்டிய கடமையே இல்லை, நியூயார்க்கில் வீட்டுக்கு வெளியே முடிந்தவரை பின்வாங்கியாக வேண்டும். ஆனால் சாரம் எங்கும் அந்த உயிர்ப்பயம்தான். உங்கள் வாழ்க்கையில் வரும் வம்புகளை எண்ணிப் பாருங்கள். நிறுத்துமிடத்தில் வண்டி இடத்துக்காகக் கத்துபவர். பெட்ரோல் பங்கில் காசு கேட்டுக் கிட்டே கிட்டே வருகிற போதைக்காரர். கட்டாமல் விட்ட நாய். இவற்றில் எதற்குத் துப்பாக்கியை எடுத்தாலும் சிறைக்குப் போவது நீங்கள்தான். மிரட்டுவதற்காகச் சும்மா வெளியே எடுத்துக் காட்டுவதுகூடப் பல மாநிலங்களில் தனிக் குற்றம்.

அப்படியென்றால் முக்கால் கிலோ இரும்பைச் சுமந்துகொண்டு, வரும் வம்புகளில் முக்கால்வாசிக்கு வெறுங்கையோடு நிற்பீர்கள். அந்த இடைவெளியில்தான் மிளகாய் நுழைகிறது. இதைக் கையேட்டின் மற்ற பகுதிகளைப் போலக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதான். கையில் ஸ்ப்ரே இருப்பவருக்கு, சும்மா விடுவதற்கும் சுட்டுவிடுவதற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. மூன்றாவது வழி கிடைத்தபின் முதலில் வாங்கிய இரும்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். டெக்சாஸில் அதை உரக்கக் கேட்காதீர்கள்.

மிளகாய் விஷயத்தில் உங்களுக்கு இயல்பாகவே ஒரு மிதப்பு இருக்கும். நாம் குழந்தைப் பருவத்திலேயே ஆவக்காய் ஊறுகாய்க்குப் பழகியவர்கள், இந்த டப்பா நம்மை என்ன செய்துவிடும்? ஜலபேனோ மிளகாயின் காரம் வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த அளவையில் 2,500இலிருந்து 8,000 வரை. தூய கேப்சைசின் ஒரு கோடியே 60 லட்சம். டப்பாக்காரர்கள் லட்சக்கணக்கில் எண் போட்டு விற்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். அது உள்ளே ஊற்றிய மிளகாய்ச் சாற்றின் காரம். டப்பாவிலிருந்து வெளியே வருவதன் காரம் அல்ல. பார்க்க வேண்டியது கேப்சைசினாய்ட் எத்தனை சதவீதம் என்ற எண்ணை. அது பெரும்பாலும் 0.18க்கும் 1.33க்கும் நடுவே இருக்கும். சின்ன எண்ணாகத் தெரிகிறதே என்று எண்ண வேண்டாம். கண் தானாக மூடிக்கொள்ளும், மூச்சு முட்டும், மூக்கு ஆறாக ஓடும், அரை மணி முக்கால் மணி வரை ஆள் ஆளாக இருக்க மாட்டார். அது எண்ணெய்ப் பசை கொண்டது, வெறும் தண்ணீருக்கு லேசில் அசையாது. பச்சை மிளகாய் அரிந்த கையால் கண்ணைத் தேய்த்தவர்கள் அதை நூறால் பெருக்கிக்கொள்ளலாம்.

போகிற போக்கில் ஒன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டங்களின் செடி. போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கும்வரை நம் சமையலில் மிளகுதான் காரம். ஐந்நூறு ஆண்டுகளில் நாம் அதைச் சாம்பாரில் போட்டோம், அமெரிக்கர்கள் டப்பாவில் அடைத்தார்கள்.

ஸ்ப்ரேயில் வகைகள் உண்டு. நேர்க்கோடாகப் பீய்ச்சுவது பத்துப் பன்னிரண்டு அடி போகும், முகத்தைக் குறி பார்த்து அடிக்க வேண்டும். புகையாக விரிவது குறி தப்பாது, ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைத் திருடனிடம் ஒரு நிமிடம் அவகாசம் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெல் வகை காற்றுக்கு அசையாது, ஒட்டிக்கொள்ளும், வேலை காட்டச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சற்று நேரத்தில் எதிராளி என்ன செய்வார் என்பது டப்பாவின் மேல் அச்சிடப்படவில்லை.

மூடிய அறைக்குள் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2014 பிப்ரவரி 13 அன்று, தெலங்கானா மசோதா கொண்டுவரப்பட்டபோது, விஜயவாடா உறுப்பினர் லகடபாட்டி ராஜகோபால் நம் மக்களவைக்குள்ளேயே பெப்பர் ஸ்ப்ரே அடித்தார். எந்தக் கட்சி, எந்தப் பக்கம் என்ற பாகுபாடில்லாமல் அவையே இருமிக்கொண்டு வெளியே ஓடியது. சில உறுப்பினர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. தற்காப்புக்காகவே அடித்தேன் என்றார் அவர். லிஃப்டில், காரில், சமையலறையில் இதை அடிக்க நினைப்பவர்கள் அந்த நாளின் காணொளியைப் பாடமாகப் பார்க்கலாம்.

மின்சாரப் பிரியர்களுக்கு

மிளகாய் நம் வீட்டுச் சரக்கு, கௌரவம் போதாது என்று நினைப்பவர்களுக்கு டேசர் இருக்கிறது. ஜாக் கவர் என்பவர் 1970களில் உருவாக்கியது. 1911இல் வந்த சிறுவர் சாகச நாவலின் நாயகன் டாம் ஸ்விஃப்ட்டும் அவனுடைய மின்சாரத் துப்பாக்கியும்தான் பெயருக்கு மூலம். முதல் டேசர் வெடிமருந்தால் ஊசிகளைத் தள்ளியதால் 1976இல் அரசு அதைத் துப்பாக்கி வகையில் சேர்த்துவிட்டது. கொல்லாமல் இருக்கச் செய்த பொருளுக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் வரவேற்பு அது. பின்னால் ஸ்மித் சகோதரர்கள் நைட்ரஜன் வாயுவால் தள்ளும்படி மாற்றி 1993இல் கம்பெனி தொடங்கி, சிக்கலைத் தாண்டினார்கள்.

வேலை செய்யும் விதம் இது. இரண்டு ஊசிகள் கம்பியோடு பறந்து போய் உடம்பில் தைக்க வேண்டும். இரண்டும் தைக்க வேண்டும். ஒன்று தப்பினால் மின்சுற்று முழுமையாகாது. இரண்டுக்கும் நடுவே ஓரடியாவது இடைவெளி விழுந்தால்தான் தசை முறுக்கிக்கொண்டு ஆள் விழுவார், ரொம்பக் கிட்டே நின்று சுட்டால் வெறும் வலிதான். பனிக்காலக் கனத்த கோட்டு போட்டிருந்தால் ஊசி கோட்டோடு நின்றுவிடும். எனவே வெயில் காலத்தில், சட்டை மட்டும் போட்ட, பத்தடி தூரத்தில் அசையாமல் நிற்கும் திருடர்களைத் தேர்ந்தெடுங்கள்.

போலீஸ் டேசர் ஒரு முறை அழுத்தினால் ஐந்து விநாடி ஓடும். பொதுமக்களுக்கு விற்கும் மாடல் 30 விநாடி. அதைக் கீழே போட்டுவிட்டு நீங்கள் ஓடிப்போக வேண்டும் என்பதற்காக அந்த நேரம். அப்படி விட்டுவிட்டு ஓடினால், போலீஸ் புகார் நகலைக் காட்டியவருக்குக் கம்பெனி புது டேசர் கொடுக்கும் திட்டமும் உண்டு. ஓடுவதை முறையான உத்தியாக ஏற்று அதற்கு உத்தரவாத அட்டையும் கொடுத்த ஒரே ஆயுதம் இதுவாகத்தான் இருக்கும். என் கணிப்பில் இந்தச் சந்தையின் மிகப் புத்திசாலித்தனமான யோசனையும் இதுவே. சுட்டதும் தோட்டாப் பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட பொடிக் காகிதத் துண்டுகள் இருபது முப்பது பறந்து தரையில் விழும். யார் சுட்டது என்று போலீஸ் கண்டுபிடிப்பதற்காக. கல்யாண வீட்டில் தூவியது போல இருக்கும், பெருக்க நினைக்காதீர்கள்.

2008இல் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் சிறுத்தைத் தோல் வடிவமைப்பில் ஒரு டேசரும், பாட்டுக் கேட்க எம்பி3 கருவி பொருத்திய உறையும் அறிமுகமாயின. இந்தக் கையேட்டுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மிளகாய்ப் பந்துகளைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் சுடும் கருவிகளும் இப்போது நன்றாக விற்கின்றன. மத்திய சட்டப்படி அவை துப்பாக்கி அல்ல, பின்னணிச் சோதனை கிடையாது. பார்க்க அசல் துப்பாக்கி மாதிரியே இருக்கும். எதிராளி நம்பிவிடுவார். அந்தப் பக்கமாக வருகிற போலீஸும் நம்பிவிடுவார். கொல்லாத வகை என்று சீட்டு ஒட்டியதாலேயே கொல்லாது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 2004இல் பாஸ்டனில் பேஸ்பால் வெற்றிக் கொண்டாட்டக் கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் சுட்ட மிளகாய்ப் பந்து கண்ணில் பட்டு 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் இறந்தார்.

இடுப்பின் பூகோளம்

எல்லாம் வாங்கியாயிற்று, எங்கே மாட்டுவது? அஷ்டபுஜ துர்க்கைக்கு எட்டு ஆயுதம் என்றால் பிடிக்க எட்டுக் கை இருக்கிறது. உங்களுக்கு இரண்டு, அதில் ஒன்றில் எப்போதும் செல்போன். அமெரிக்காவில் இப்போது நாகரிகமான இடம் முன்பக்கம், தொப்புளுக்குக் கீழே, குடல்வால் இருக்கும் ஓரம். அதற்கு அப்பெண்டிக்ஸ் கேரி என்றே பெயர். சீக்கிரம் எடுக்கலாம், சட்டை மறைக்கும். உட்காரும்போது குழல் எதை நோக்கி இருக்கும் என்று கேட்கக் கூடாது. குடும்ப விருத்தி முடிந்தவர்கள் பரிசீலிக்கலாம்.

துப்பாக்கி வலது பக்கம் என்றால் ஸ்ப்ரேயோ டேசரோ இடது பக்கம். இது மட்டும் மாற்றமில்லாத விதி. வலக்கை ஒன்றுக்கு, இடக்கை மற்றொன்றுக்கு. நிறம் வேறாக இருக்க வேண்டும், எடை வேறாக இருக்க வேண்டும், உறையிலிருந்து எடுக்கும் அசைவு வேறாக இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால் குழப்பம் வராது என்று விற்பனையாளர் சொல்வார்.

2021 ஏப்ரல் 11. மினசோட்டாவில் புரூக்ளின் சென்டர் என்ற ஊர். 26 ஆண்டு அனுபவம் உள்ள பெண் காவலர் ஒருவர். டேசர் இடது பக்கம் இருந்தது. மஞ்சள் நிறம். எடையில் துப்பாக்கியின் பாதிகூட இல்லை. வலது பக்கம் கறுப்புக் கிளாக். வண்டியில் தப்பிக்க முயன்ற டான்டே ரைட் என்ற 20 வயது இளைஞனை நோக்கி "டேசர், டேசர்" என்று கத்தினார். கையில் இருந்தது கிளாக். சுட்டார். இளைஞன் இறந்தான். அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2009 புத்தாண்டு நாளின் முதல் மணி நேரங்களில் ஓக்லண்ட் ரயில் நிலையத்தில் குப்புறக் கிடந்த ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயது இளைஞனை முதுகில் சுட்ட காவலரும் டேசரை எடுத்ததாகத்தான் நினைத்தேன் என்றார். 2015இல் ஓக்லஹோமாவின் டல்சாவில் ஒருவரைச் சுட்டுவிட்டு அதையே சொன்னவர் 73 வயது பகுதிநேரக் காவலர், தொழில் காப்பீடு.

இவர்களில் முதலிருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆண்டுதோறும் பயிற்சி எடுத்துக்கொண்டு, இரண்டையும் தினமும் மாட்டிக்கொண்டு நடந்தவர்கள். நீங்கள் வாரம் ஐந்து நாள் உட்கார்ந்து ஜாவா எழுதுகிறவர். நெஞ்சு படபடக்கும்போது கை, தான் அதிகம் பழகிய இடத்துக்கே போகும். மூளை அப்புறம்தான் வந்து சேரும். எனவே பழக வேண்டியது மிளகாயைத்தான். காரமில்லாத வெறும் தண்ணீர் நிரப்பிய பயிற்சி டப்பாக்கள் விற்கிறார்கள், பின்கட்டில் மரத்தின் மேல் அடித்துப் பழகலாம். ஆனால் சனிக்கிழமை கூட்டம் நிற்பது துப்பாக்கி சுடும் கூடத்தில்தான். தண்ணீர் டப்பாவால் மரத்தை அடிப்பவரை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

எங்கே எதைக் கொண்டுபோகலாம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தர்க்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் மிளகாய் ஸ்ப்ரேயை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ மருந்துக் கடையிலோதான் வாங்க முடியும். ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் கிடையாது. கலிபோர்னியாவில் டப்பா இரண்டரை அவுன்சுக்கு மேல் போகக் கூடாது. விஸ்கான்சினில் மிளகாய்ச் சாறு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஊருக்கு ஊர் காரத்துக்கு அளவு வைத்திருக்கிறார்கள். துப்பாக்கிக்கோ, உரிமமே வேண்டாம் என்று சொல்லும் மாநிலங்கள் பாதிக்கு மேல்.

மாசசூசெட்ஸில் நடந்தது இன்னும் விசேஷம். முன்னாள் காதலனின் அடிக்குப் பயந்து வீடில்லாமல் திரிந்த ஒரு பெண், தோழி கொடுத்த, தொட்டால் மின்னதிர்ச்சி தரும் ஸ்டன் கன் ஒன்றைப் பையில் வைத்திருந்தார். வழிமறித்த அவனிடம் அதைக் காட்டினார், அவன் போய்விட்டான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த மாநிலத்தில் அப்போது ஸ்டன் கன்னுக்குத் தடை. பிற்பாடு ஒரு சோதனையில் அது அகப்பட்டு அவர் குற்றவாளி ஆனார். 1791இல் அரசியலமைப்பில் சேர்ந்த துப்பாக்கி உரிமை இதற்குப் பொருந்தாது, அன்று இப்படி ஒரு பொருளே கிடையாது என்ற வாதத்தை மாநிலத்தின் உச்ச அமர்வு ஏற்றது. 2016இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து திருப்பி அனுப்பிற்று. கொல்லக்கூடிய பொருளை வைத்திருக்க உரிமை உண்டு, கொல்லாத பொருளுக்கு உண்டா என்று தெரிந்துகொள்ள ஓர் ஏழைப் பெண் வாஷிங்டன் வரை போக வேண்டியிருந்தது.

தேசியப் பூங்காக்களில் துப்பாக்கி வைத்திருக்கலாம், அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு, 2010 பிப்ரவரி 22 முதல். இதை அனுமதித்த விதி வந்தது கிரெடிட் கார்டு சீர்திருத்தச் சட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு. யோசெமிட்டி பூங்காவில் கரடி ஸ்ப்ரேக்குத் தடை. கரடி எதிரே வந்தால் கிரெடிட் கார்டை நீட்டலாமா என்பது பற்றி விதி மௌனம்.

கரடி ஸ்ப்ரேயை மனிதர்கள் மேல் அடிக்கலாமே, பெரிய டப்பா, முப்பது அடி போகிறதே என்று கணக்குப் போடுபவர்களுக்கு: சட்டத்தின் கண்ணில் அது பூச்சிக்கொல்லி. சுற்றுச்சூழல் முகமையிடம் பதிவு செய்தது. மனிதன் மேல் அடித்தால் பூச்சிக்கொல்லியைத் தவறாகப் பயன்படுத்திய குற்றமும் சேரும். கரடிகளிடம் அது நன்றாகவே வேலை செய்கிறது. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வில் பழுப்புக் கரடிகளை நூற்றுக்கு 92 முறை அது நிறுத்தியிருந்தது. கரடிக்குப் போதுமானது மனிதனுக்குப் போதாது என்று நினைப்பவர்கள் மனிதனைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உள்ளவர்கள்.

தபால்காரர்களைப் பாருங்கள். பணியில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. நாய்களுக்காகச் சின்ன மிளகாய் ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஊரில் உள்ள அத்தனை வாசல்களையும் மிதிக்கிற மனிதர் அதை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு வீடு திரும்புகிறார். இந்தக் கையேட்டை அவர் வாங்க மாட்டார்.

டெக்சாஸில் நடமாடும்போது சுவர்களைப் படிக்கப் பழகுங்கள். கடை வாசலில் 30.06 என்று எண் போட்ட பலகை இருந்தால் மறைத்து வைத்த துப்பாக்கி கூடாது. 30.07 என்றால் வெளியே தெரியும்படி வைத்தது கூடாது. சிவப்பில் 51% என்று இருந்தால் அந்த இடத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் மது, துப்பாக்கியோடு உள்ளே காலே வைக்கக் கூடாது. பலகை ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் இருக்கும். அப்போது துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டு வருவீர்கள், காரை உடைப்பவர் எடுத்துப் போவார். நாட்டில் திருடு போகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு இப்படிக் காரிலிருந்து போனவைதாம். திருடனுக்குப் பயந்து வாங்கியது கடைசியில் திருடன் கையிலேயே போய்ச் சேரும்.

அந்த ஒன்றரை விநாடி

சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் டியூலர் 1983இல் ஒரு கணக்குச் சொன்னார். கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். அந்த ஒன்றரை விநாடியில் நீங்கள் இனி செய்ய வேண்டியவை: இது உயிர்ப்பயமா வெறும் பயமா என்று தீர்மானிக்க வேண்டும். இடது பக்கமா வலது பக்கமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டப்பாவின் பூட்டைக் கட்டைவிரலால் விலக்க வேண்டும். காற்றைப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் பால் கேனைக் கீழே வைக்க வேண்டும். பின்னால் நிற்கும் மனைவி "என்னங்க" என்று கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும்.

மிளகாய் அடித்தும் அவர் நிற்கவில்லை, தடுமாறியபடி மேலே விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கண் தெரியாத ஒருவரோடு கட்டிப் புரளுகிறீர்கள், உங்கள் இடுப்பில் ஒரு துப்பாக்கி இருக்கிறது, அது யார் கைக்கும் போகலாம். துப்பாக்கியோடு நடப்பவர் போகிற ஒவ்வொரு சண்டையிலும் துப்பாக்கி இருக்கிறது, கொண்டுவந்தவர் அவரே. அங்குள்ள நல்ல பயிற்சியாளர்கள் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்வார்கள். அதனால்தான் அவர்களுடைய மாணவர்கள் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசுகிறார்கள், சாலையில் வழி விடுகிறார்கள், முதலில் மன்னிப்புக் கேட்கிறார்கள். முக்கால் கிலோ இரும்பு கொடுத்த பணிவு.

பிறகு நீதிமன்றம். துப்பாக்கியால் சுட்டிருந்தால் அரசு வழக்கறிஞர் கேட்பார்: இடது பக்கம் ஸ்ப்ரே இருந்ததே, ஏன் அதை எடுக்கவில்லை? ஸ்ப்ரே அடித்திருந்தால் கேட்பார்: உயிருக்கு ஆபத்து இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, பின் எதற்கு அடித்தீர்கள்? இரண்டும் இல்லாமல் ஓடியிருந்தால் எந்த வழக்கறிஞரையும் பார்த்திருக்க மாட்டீர்கள். மணிக்கு இவ்வளவு டாலர் என்று வாங்கும் அவர்களுக்கும் பிழைப்பு ஓட வேண்டும், யோசித்துச் செய்யுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது

கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கைப்பையைக் காலி செய்து, தலைகீழாகக் கவிழ்த்து, உதறிப் பாருங்கள். 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் கைப்பைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அதில் நூற்றுக்கு 93இல் தோட்டா நிரப்பியிருந்தது. இருப்பதையே மறந்துவிட்டேன் என்பது வழக்கமான பதில். அந்த ஆண்டு அபராதம் கிட்டத்தட்ட 15,000 டாலர் வரை போனது. உயிரைக் காக்க வாங்கிய பொருள் பையில் இருப்பதே நினைவில்லாத மக்கள் ஆயிரக்கணக்கில் நடமாடும் நாட்டில் நீங்கள் வாழ்கிறீர்கள் என்பதைப் பெட்டி கட்டும்போது பெற்றோரிடம் சொல்ல வேண்டாம்.

உள்நாட்டுப் பயணத்தில் துப்பாக்கியைத் தோட்டா நீக்கி, பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் அறிவித்து, சரக்கில் போடலாம். மிளகாய் ஸ்ப்ரேயில் நான்கு அவுன்சுக்கு மேற்படாத ஒரே டப்பா, அதுவும் சரக்கில், அதுவும் விமானக் கம்பெனி சம்மதித்தால். பல கம்பெனிகள் சம்மதிப்பதில்லை. இந்தியாவுக்கு என்றால் பேச்சே இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் உரிமம் இல்லாமல் துப்பாக்கி இங்கே கரை ஏறாது. எல்லாவற்றையும் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு அமெரிக்கரிடம் கொடுக்காமல், கிளம்புங்கள்.

மீனம்பாக்கத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது இடுப்பு லேசாக இருக்கும், கை பழக்கத்தில் அங்கே போகும், கண்டுகொள்ளாதீர்கள். மடிப்பாக்கத்துக்கு ஆட்டோக்காரர் எண்ணூறு கேட்பார். நானூறில் ஆரம்பியுங்கள்.